சம்பந்தி வீட்டுக்குப் போன விலாங்கு

படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் எழுத வந்துவிட்டேன். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அப்போதும் கட்டுரை எழுதச் சொன்னால், தலைப்பு எழுதி அதற்கு அடியில் கோடு போடுவதற்குள் எனக்கு மணி அடித்துவிடும். இப்போது நான் பேனாவைத் தொடுவது, ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீனின் நீளத்தையும் எடையையும் நோட்டில் குறிப்பதற்கு மட்டும்தான். ஆனாலும் இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருகிறார்கள். என் மனைவி ரூபி சொல்லும்போது, நான் சோபாவுக்கு அடியில் கிடந்து அழுதேன். சம்பந்தி சார் சொல்லும்போது, அவர் நாற்காலி மேல் ஏறவே இல்லை. இரண்டும் உண்மையில்லை. நடந்ததை நடந்தபடி யாராவது எழுதி வைக்க வேண்டும். வேறு ஆள் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். அப்படிப்பட்டவன் போயும் போயும் மீன் வியாபாரத்துக்குப் போனேன். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விடியும்போதே ஏலம் தொடங்கிவிடும். கூட்டத்தில் கையைத் தூக்கலாமா, தூக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சீலா மீனும் பாறை மீனும் மற்றவர்கள் கூடைக்குள் போயிருக்கும். யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் காரல்தான் எனக்கு. அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஏரல் பக்கத்துத் தெருக்களுக்கு வருவேன். மீன் விற்கிறவன் கூவ வேண்டும் அல்லவா? நான் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஹாரனை ஒரே ஒரு தடவை பைய அமுக்கிவிட்டு, அது நான் இல்லை என்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் பூனைகள் வரும். (கடைசியிலும் பெரும்பாலும் அவைதான்.) ஒரு அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏன் அண்ணாச்சி, மீன விக்க வந்தீரா, ஒளிச்சு வைக்க வந்தீரா?"

இந்தப் பிழைப்பிலிருந்து என்னைக் கரையேற்றியவர் டாக்டர் ஜைனம்பு. காயல்பட்டினத்துக்காரர். ஊசி போடும் டாக்டர் இல்லை, மீனைப் பற்றிப் படித்த டாக்டர். தாமிரபரணியில் விலாங்கு மீன் ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்று பார்க்க வந்திருந்தார். தூண்டில் போடுகிறவர்களிடமும் மீன் விற்கிறவர்களிடமும் விசாரித்துக்கொண்டே வந்தவர், என்னிடமும் கேட்டார். எந்தப் பள்ளத்தில், எந்தப் பாறை இடுக்கில், எந்த மாதம் விலாங்கு கண்ணில் பட்டது என்று எனக்குத் தெரிந்ததைத் தரையைப் பார்த்தபடி சொன்னேன். அவர் சொன்னார்: "எனக்கு இந்த மாதிரி ஒரு ஆள்தான் வேணும். சத்தம் போடாம, தினம் ஒரே நேரத்துல, பொறுமையா ஆத்துல போய் நிக்கணும். வாரீங்களா?"

என் கூச்சத்துக்கு வேலை கொடுத்த முதல் ஆள் அவர்தான். இன்றுவரை அந்த நன்றி எனக்குக் குறையவில்லை.

வேலை இதுதான். தடுப்பணைக்கு மேலேயும் கீழேயும் கம்பிக் கூடுகள் போட்டு வைத்திருப்போம். தினமும் காலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். விலாங்கு இருந்தால் அளந்து, எடை போட்டு, எழுதிவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். முதல் சில மாதங்களில் நான் எழுதியது பெரும்பாலும் "இல்லை" என்ற ஒரே சொல்தான்.

விலாங்கின் கதையை மேடம் எனக்குச் சொன்னபோது நான் நம்பவில்லை. மற்ற மீன்களைப் போல அது ஆற்றில் பிறப்பதில்லையாம். எங்கோ ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடித் துண்டு போல உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற குஞ்சாக முகத்துவாரத்துக்கு வந்து, அங்கிருந்து ஆற்றில் ஏறுமாம். பல வருஷம் சேற்றிலும் பாறை இடுக்கிலும் வளர்ந்தபின், ஒரு மழைக்காலத்தில் அதன் கண் பெரிதாகும். வயிறு வெள்ளி போலாகும். சாப்பிடுவதை நிறுத்திவிடும். பிறகு பிறந்த கடலுக்கே திரும்பிப் போய் முட்டையிட்டுவிட்டு அங்கேயே முடிந்துபோகும். ஏறி வருகிற குஞ்சுகளை மறிப்பது தடுப்பணைகள். அதனால் அணைச் சரிவில் தேங்காய்த் தும்பில் செய்த பாயை ஈரமாகப் படுக்கவைத்தோம், குஞ்சுகள் பற்றிக்கொண்டு ஏறுவதற்கு. முதல் குஞ்சு அதில் நெளிந்து ஏறுவதைப் பார்த்தவன் நான்தான். (யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மத்தியானம் வரை சொல்லவில்லை. மேடம் அதற்கு இன்னும் திட்டுகிறார்.)

ஏறுவது சரி. இறங்கிப் போகிறதா? அதைத்தான் யாரும் பார்த்ததில்லை. அந்த ஐப்பசியில், மழைத் தண்ணீர் வந்த இரண்டாம் நாள், என் கூட்டில் ஒன்று கிடந்தது. என் முழங்கை பருமன், இடுப்புக்கு மேல் வரும் நீளம், பெரிய கண், வெள்ளி வயிறு. கடலுக்குக் கிளம்பிய பெண் விலாங்கு. மேடம் அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஒலிக்கருவியை வைத்துத் தைத்து, புண் ஆற ஏரலில் ஒரு தொட்டியில் விட்டிருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் ஜீப்பில் புன்னைக்காயலுக்குக் கொண்டுபோய் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் விடுவதாக ஏற்பாடு. அது கடலைத் தொட்டால், அங்கே கட்டப்போகும் கருவி அந்த ஒலியைக் கேட்டுக் காட்டிக்கொடுக்கும். "இது ஒண்ணு போயிட்டா போதும் அண்ணாச்சி. அடுத்த வருஷமும் நம்ம வேலைய நடத்தச் சொல்லி நான் தைரியமா கேப்பேன்" என்றார். அதாவது, என் பிழைப்பும் அந்த வெள்ளி வயிற்றுக்குள்தான் இருந்தது.

அதே வியாழக்கிழமை எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. என் மகள் பிரிசில்லாவுக்கு அப்போது ஏழாம் மாசம். மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார். அவள் ஆத்தூரில் மாமனார் மாமியாரோடு இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர அவளுக்கு ஆசை. சம்பந்தி சாருக்கு விருப்பமில்லை. அவர் நாசரேத்துப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி இருக்கு, இங்கனயே பெறட்டும்" என்று சொல்லிவிட்டார். ரூபி போனில் பேசி அது பாதிச் சண்டையில் முடிந்திருந்தது. அதனால் கேட்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பிரிசி போனில் சொன்னாள்: "அப்பா, நீங்க கேட்டாத்தான் மாமா கேப்பாவ. கேப்பீங்களாப்பா?"

"கேப்பேன்மா."

"சத்தமா கேக்கணும்ப்பா. போன தடவ நீங்க ஏதோ கேட்டீங்க, மாமா தண்ணி வேணும்னு நெனச்சுக் கொண்டாந்து குடுத்தாவ."

"சார், பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தோம்." இந்த ஒரு வரியை ஒரு வாரம் கூடு பார்க்கும்போது உள்ளே மாட்டியிருந்த நண்டுகளிடம் சொல்லிப் பழகினேன். நண்டுகளுக்கு மறுப்பு ஒன்றும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் சார். ரூபி பலகாரமும் பிள்ளைக்குப் புதுச் சேலையுமாக முதலிலேயே பஸ் ஏறிவிட்டாள். ஒன்பது மணிக்கு மேடம் போன் செய்தார்.

"அண்ணாச்சி, ஜீப் ஸ்டார்ட் ஆகல. நான் கருவியோட தூத்துக்குடியில இருந்து வேற வண்டியில நேரா புன்னைக்காயல் போறேன். நீங்க விலாங்கை உங்க மொபெட்டுல கொண்டாந்திருங்க. டிரம்முல பாதி தண்ணி, காத்து பம்ப் ஓடிக்கிட்டே இருக்கணும். ரெண்டு மணிக்கு மேல தண்ணி கடல் பக்கமா இழுக்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள வந்திருங்க. வழியில எங்கயும் நிக்கப்படாது, என்ன?"

"சரி மேடம்" என்றேன். "ஆனா மேடம், இன்னைக்கு எனக்கு…" என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது அவர் போனை வைத்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆத்தூர் போகிற வழிதான். பதினொன்றுக்குப் போய் அந்த ஒரு வரியைச் சொன்னால் பதினொன்றரைக்குக் கிளம்பிவிடலாம். ஒரு மணிக்குள் புன்னைக்காயல். கணக்கில் தப்பே இல்லை. சம்பந்தி சார் ஜெபிக்கிற நேரத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டோம். நான் மீன்காரன் வேறு. கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு தடவையும் மீன் கொண்டுபோயிருக்கிறேன். அதே மொபெட்டில், அதே நீல டிரம்மில். இந்த விஷயம் அன்று காலையில் என் புத்தியில் படவே இல்லை.

ஆத்தூரில் சம்பந்தி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. டிரம்மை வெளியே விட்டால் தண்ணீர் சூடாகிவிடும் என்று, பம்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நிழலில் வைக்கலாம் என்ற ஒரே எண்ணம்தான். எதிரே வந்தார் சம்பந்தியம்மா, எஸ்தர் அக்கா.

"வாங்க தம்பி, வாங்க. இதென்ன, மீனா? உசிரோடயா! இதெல்லாம் எதுக்கு உங்களுக்குச் செரமம்?"

நான் சிரித்தேன். பேச்சு வராத இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். அதை ஆமாம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். இதுவரை யாரும் இல்லை என்று எடுத்ததில்லை.

அக்கா மூடியைத் திறந்தார். "எம்மா! விலாங்குல்லா! ஏளா பிரிசி, இங்கன ஓடியா. ஒங்கப்பா ஒனக்கு என்ன கொண்டாந்திருக்காருன்னு பாரு! புள்ளத்தாச்சிக்கு விலாங்குச் சாறு வச்சுக் குடுத்தா ஒடம்பு கல்லு மாரி நிக்கும். இதெல்லாம் இப்ப எங்கன கெடைக்குது?"

பிரிசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து டிரம்முக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காப்பா?"

"உம்" என்றேன்.

(இந்த ஒரு "உம்"மால்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.)

ரூபி என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "இருபத்தஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் சொல்லாமலே ஒரு காரியம் ஒழுங்கா செஞ்சிருக்கீய." அவள் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை. இனிமேல் எப்படிச் சொல்வது, இது கடலுக்குப் போகிற விலாங்கு, குழம்புக்குப் போகிற விலாங்கு இல்லை என்று? இரண்டு வருஷ உழைப்பைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் அக்கா அடுக்களைக்குள் போனார்.

"வாரும், இரியும்" என்றார் சார். அவரை நான் அத்தான் என்று கூப்பிட வேண்டும். ஆனால் தலைமையாசிரியர் என்று தெரிந்த நாள் முதல் எனக்கு "சார்" தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை. நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்தேன். அவர் மழையைப் பற்றிப் பேசினார். மகன் வேலையைப் பற்றிப் பேசினார். என் காதெல்லாம் அடுக்களையில் இருந்தது. பம்பின் கொர்ர் சத்தம் கேட்டவரை விலாங்கு மூச்சு விடுகிறது என்று ஒரு நிம்மதி.

"இது என்னத்துக்கு இப்படி உறுமிக்கிட்டு" என்று எஸ்தர் அக்கா குரல் கேட்டது. சத்தம் நின்றது.

சாரிடம் சொல்ல வேண்டியது இப்போது இரண்டு வரி. பிள்ளையை அனுப்புங்கள் என்பது ஒன்று. விலாங்கை விடுங்கள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் தொண்டை வரை வந்து, "நீங்க முதல்ல போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று மரியாதை பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றன. அடுக்களை வாசலிலிருந்து ரூபி இருமினாள். கேளுங்கள் என்று அர்த்தம். "சார்" என்றேன்.

"தண்ணி வேணுமா?" என்றார் சார்.

குடித்தேன். அதற்குள் அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம், மிக்சி ஓடும் சத்தம், அரிவாள்மணையை இழுத்துப் போடும் சத்தம்.

"ஏளா பிரிசி, கொஞ்சம் சாம்பல் எடு. வழுக்கிக்கிட்டுப் போவுது சவம்."

"சாம்பலா? நம்ம வீட்டுல ஏது அத்தை? கேஸ் அடுப்புல்லா."

கேஸ் அடுப்பைக் கண்டுபிடித்தவர் யாரோ எனக்குத் தெரியாது. அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். விலாங்கைப் பிடித்து அறுக்கச் சாம்பல் வேண்டும். அது இல்லாமல் கையில் நிற்காது. அந்த வீட்டில் ஒரு பிடி சாம்பல் இருந்திருந்தால் இந்தக் கதை அத்தோடு முடிந்திருக்கும். பக்கத்து வீட்டிலும் போய்க் கேட்டு வந்தார்கள். அங்கேயும் கேஸ்தான்.

"அப்ப மூஞ்சிக்குப் போடுத பவுடர் டப்பாவ எடுத்தா. அதுவும் தூளுதான" என்றார் எஸ்தர் அக்கா.

இனிமேலும் உட்கார்ந்திருக்க முடியாது என்று எழுந்தேன். "சார், வந்து… ரெண்டு விசயம்…" என்று ஆரம்பித்துவிட்டேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன கேக்க வந்திருக்கீர்னு எனக்குத் தெரியும். எதுவானாலும் ஜெபிச்சிட்டுப் பேசுவோம்" என்று கண்ணை மூடினார்.

நானும் மூடினேன். ஜெபத்தின் நடுவில் எழுந்து போக யாருக்குத் தைரியம் வரும்? சார் முதலில் நாட்டுக்காக ஜெபித்தார். பிறகு மழைக்காக, போதுமான அளவுக்கு. பிறகு கடலில் இருக்கிறவர்களுக்காக, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக, பரீட்சை எழுதப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்காக. (பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.) மூடிய கண்ணுக்குள் எனக்குக் கடிகாரம்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"நல்லா போடு. வாலுலயும் போடு. ரூபி, நீ தலையப் பிடி. பிடி… பிடி… ஐயோ, விட்டுட்டியளே!"

"எங்க குடும்பங்களுக்குள்ளே சமாதானத்தை…" என்று சார் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஈரமாக ஒன்று என் பாதத்தின் மேல் ஏறி இறங்கிப் போனது.

ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். உடம்பெல்லாம் வெள்ளை பூசி, மல்லிகைப்பூ வாசனையோடு, விலாங்கு ஹாலின் நடுவே போய்க்கொண்டிருந்தது. சாரும் அதே நேரம் கண்ணைத் திறந்தார்.

"பாம்பு! வெள்ளப் பாம்பு!"

அறுபது வயதைத் தாண்டியவர் அவ்வளவு சுலபமாக நாற்காலி மேல் ஏறுவார் என்று நான் நினைத்ததில்லை. ஏறியதோடு, நாற்காலியின் பின்னால் மாட்டியிருந்த குடையையும் உருவி ஓங்கிவிட்டார்.

அப்போதுதான் நான் கத்தினேன். ஏலத்தில் வராத சத்தம், தெருமுனையில் வராத சத்தம், இத்தனை வருஷம் எங்கேயோ சேர்ந்து கிடந்த சத்தம் மொத்தமும் ஒன்றாக வெளியே வந்தது.

"அடிக்காதீங்க சார்! அது முட்டையிடப் பிறந்த வீட்டுக்குப் போவுது!"

எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். குடை அப்படியே காற்றில் நின்றது. விலாங்கு மட்டும் நிற்கவில்லை. சோபாவுக்கு அடியில் நுழைந்தது. கையில் எதையாவது போட்டுப் பிடித்தால்தான் நிற்கும். மேஜை மேல் ஒரு தட்டில் துணி ஒன்று மடித்து வைத்திருந்தது. உருவிக்கொண்டு பாய்ந்தேன். என் பாதி உடம்பு சோபாவுக்கு அடியில், மீதிப் பாதி சம்பந்தி வீட்டாரின் பார்வையில். வேட்டி எந்தப் பாதியோடு இருந்தது என்பதைப் பற்றி ரூபி சொல்வது வேறு, நான் சொல்வது வேறு. அழவில்லை. மூக்கில் பவுடர் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

விலாங்கைச் சுருட்டிப் பிடித்து வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். கையில் இருந்தது பிரிசிக்கு வாங்கிய புதுச் சேலை.

நேரே அடுக்களைக்கு ஓடினேன். டிரம்மில் விட்டு, பம்பைப் போட்டேன். கொர்ர். கொஞ்ச நேரம் அது அசையாமல் கிடந்தது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு செவுள் மெல்ல அசைந்தது. வால் ஒரு தடவை டிரம்மைத் தட்டியது. ஈரம் இருந்தால் விலாங்கு வெளியிலும் சற்று நேரம் தாங்கும் என்று மேடம் சொல்லியிருந்தது சத்தியமான வார்த்தை.

அதன்பிறகு தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடலில் பிறப்பது, கண்ணாடிக் குஞ்சாக வருவது, தும்புப் பாயில் ஏறுவது, கண் பெரிதாவது, வயிறு வெள்ளியாவது, வயிற்றுக்குள் இருக்கும் கருவி, ரெண்டு மணித் தண்ணீர், மேடம், என் பயம். அவ்வளவு நீளமாக நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

எஸ்தர் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அட மனுசா! இத மொதல்லயே சொல்லப்படாதா? நான் மசாலா அரைச்சிட்டேனே!" பிறகு குனிந்து டிரம்முக்குள் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "எங்க பெறந்துச்சோ அங்கனயே போயா முட்டையிடும்?"

"ஆமாக்கா. அதுக்காகத்தான் இத்தன தூரம் போவுது."

"சாப்பிடாமயா?"

"சாப்பிடாமதான்."

எஸ்தர் அக்கா நிமிர்ந்து ஹால் பக்கம் திரும்பினார். "கேட்டீரா? ஒரு மீனுக்குத் தெரியுது, பேறுகாலத்துக்கு எங்கன போகணும்னு. நீரு என்னடான்னா இங்கனயே பெறட்டும், ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குன்னு சட்டம் பேசிக்கிட்டு இருக்கீரு. என் தலைப்பிரசவத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போக உங்கம்மா விடல. அது எனக்கு இன்னும் மறக்கல, தெரிஞ்சுக்கிடும். மொதல்ல நாற்காலிய விட்டுக் கீழ எறங்கும்!"

சார் அதுவரை மேலேயேதான் நின்றுகொண்டிருந்தார், குடையோடு.

மெதுவாக இறங்கினார். குடையை இருந்த இடத்தில் மாட்டினார். வந்து டிரம்முக்குள் நெடுநேரம் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிரிசி சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போவும்" என்றார் என்னிடம்.

நண்டுகளிடம் ஒரு வாரம் சொல்லிப் பழகிய வரியை நான் கடைசி வரை சொல்லவே இல்லை.

"மணி ஒண்ணே கால்!" என்று ரூபி கத்தினாள். டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சார் பின்னாலேயே வந்தார். "இரியும், நானும் வாரேன். ஒத்தையில எப்படி இதப் பிடிச்சுக்கிடுவீரு?" வண்டி கிளம்பும் முன்னால், ஜெபம் முடியாமல் நின்றது அவருக்கு நினைவு வந்துவிட்டது. சார் டிரம்மின் மேல் கையை வைத்து, "இதுவும் பத்திரமா போய்ச் சேரட்டும், ஆமென்" என்றார். அவர் செய்த ஜெபங்களிலேயே மிகச் சிறியது அதுதான் என்று எஸ்தர் அக்கா இன்றும் சொல்வார்.

ஆத்தூரைத் தாண்டிப் போகும்போது எங்களைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. முன்னால் பவுடர் பூசிய மீன்காரன். பின்னால், ஒரு கையில் டிரம்மையும் நெஞ்சோடு காற்று பம்பையும் அணைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் "பைய, பைய, அது முட்டையிடப் போவுது" என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

புன்னைக்காயலில் மேடம் கரையிலேயே நின்றிருந்தார். மணி இரண்டேகால். தண்ணீர் கடல் பக்கம் திரும்பியிருந்தது.

"எங்க போனீங்க அண்ணாச்சி? எத்தன தடவ போன் அடிக்கிறது?" மூடியைத் திறந்தவர், மூக்கைச் சுளித்தார். "இது என்ன வாசனை?"

மறுபடியும் சிரித்தேன். சார்தான் முன்னால் வந்தார். வகுப்பில் பேசுகிற குரலில், "தப்பு எங்க வீட்டு மேல. நாங்கதான் குழம்பு வைக்கப் பாத்தோம். இவரு ஒருத்தருதான் காப்பாத்தினாரு" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னார். (நாற்காலியை மட்டும் விட்டுவிட்டார்.)

மேடம் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார், வேலை போயிற்று என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். சிரித்துச் சிரித்துத்தான் கண்ணில் தண்ணீர். விலாங்குக்குத் தையல் போட்ட இடத்தைப் பார்த்தார், செவுளைப் பார்த்தார், நல்ல தண்ணீரில் அலசினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு நோட்டை எடுத்து, குறிப்பு என்ற இடத்தில் எழுதினார்: "வழியில் ஒரு வீட்டுக்குப் போய் வந்தது. பவுடர் போடப்பட்டது."

"மேடம், இதையும் எழுதணுமா?" என்றேன்.

"நடந்ததை நடந்தபடிதான் எழுதணும் அண்ணாச்சி."

முழங்கால் தண்ணீரில் இறங்கி, டிரம்மை மெல்லச் சாய்த்தேன். அது அவசரப்படவில்லை. தலையை வெளியே நீட்டிச் சற்று நின்றது. பிறகு ஒரு நெளிவு. கலங்கல் தண்ணீரில் அது போன வழி தெரியவில்லை. சார் கரையில் நின்று கையை ஆட்டினார். கடலுக்குப் போகிற மீனுக்குக் கை ஆட்டலாமா என்று எனக்குத் தெரியாது. நானும் ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் ஆத்தூரில் அரைத்த மசாலாவில் முட்டைக் குழம்பு வைத்திருந்தார் எஸ்தர் அக்கா. எனக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார். அதைப் போல ஒரு குழம்பை நான் சாப்பிட்டதில்லை.

பிரிசி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. குளிப்பாட்டும்போது கையில் நிற்காமல் வழுக்குவாள். சம்பந்தியம்மா வந்திருந்தால் அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஏளா, பவுடரப் போட்டுப் பிடிங்க!" விலாங்கைச் சுருட்டிய சேலையை பிரிசி யாருக்கும் கொடுக்கவில்லை. குழந்தைக்குத் தொட்டில் கட்டியது அதில்தான். நான் இப்போதும் அந்த வீட்டுக்கு மீன் கொண்டு போகிறேன். படி ஏறும் முன் சார் வாசலில் நின்று என்னை மறித்து, முறை சொல்லிக் கேட்பார்: "மாப்பிள்ள, இது திங்கவா, வழியனுப்பவா?" திங்க என்று நான் சத்தமாகச் சொன்னால்தான் உள்ளே விடுவார். சத்தம் போதாவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். இத்தனை பேர் என்னைக் கேலி செய்ய இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது நானும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன்.

விலாங்கை விட்ட மறுநாள் காலை மேடம் படகில் போய், முகத்துவாரத்தில் கட்டியிருந்த கருவியை எடுத்துப் பார்த்தார். விலாங்கு அதைத் தாண்டிக் கடலுக்குப் போயிருந்தது. நான் ஏழு மணிக்கு வழக்கம்போலக் கூடு பார்க்கப் போனேன். இரண்டு நண்டும் ஒரு செருப்பும் இருந்தன. விலாங்கு இல்லை. எழுதிக்கொண்டேன்.